ஊதச் சொன்ன மாமா

2024 ஜூன் 15, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து முதல் வேலையாக மோட்டார் போட்டேன். கடலூர் செம்மண்டலத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து என் காலை அப்படித்தான் தொடங்குகிறது. தொட்டி நிறையும்வரை கேட்டருகே நின்று பேப்பர் படித்தேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். குளித்து, இட்லி சாப்பிட்டு, வேலைக்குப் போனேன். உர மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதுகிறேன். சனிக்கிழமை அரை நாள்தான். வீட்டுக்கு வந்து தயிர்சாதம், கொஞ்சம் தூக்கம். நாலு மணிக்கு மச்சான் வந்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஹோட்டல்களிலும் பார்களிலும் ஏசி, குளிர்பெட்டி பழுது பார்ப்பவன். புதுச்சேரியில் ஒரு பார், வெளியிலிருந்து வாங்காமல் அங்கேயே பீர் தயாரித்து விற்கிறது. ஐந்து புது வகைகளை ருசி பார்த்துக் கருத்துச் சொல்ல அன்று சாயங்காலம் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவனிடம் இரண்டு அனுமதிச் சீட்டு இருந்தது. நான் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, யாராவது கல்யாணத்தில், பீர் குடிப்பவன். போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

"மச்சான், டைரில வேற எதுனா எழுதிக்குங்க. அக்கா படிக்கும்" என்றான் வண்டியில்.

நடந்ததைத்தான் எழுதுவேன் என்றேன். எழுதுகிறேன்.

நீளமான மரமேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பலகை. அதில் ஐந்து குழிகள், குழிக்கொரு சின்னக் கண்ணாடி டம்ளர். முதல் நாலில் ஊற்றி வைத்திருந்தார்கள், ஐந்தாவது காலி. வந்திருந்தவர்களில் என் வயதுக்காரர் யாருமில்லை. பின்னால் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பெரிய எவர்சில்வர் தொட்டிகள். அங்கிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். இதையெல்லாம் தயாரித்தவள் அவள்தான் என்றார்கள்.

"யாரும் உடனே குடிச்சிடாதீங்க. முதல்ல மூக்கு, அப்புறம்தான் வாய்" என்றாள்.

செய்தும் காட்டினாள். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், இடது கண்ணை மட்டும் மூடி, யாரோ காதில் ரகசியம் சொல்வதுபோலத் தலையை வலது பக்கம் சாய்த்தாள். கையிலிருந்த டம்ளரை நான் பலகையில் வைத்துவிட்டேன். அப்படி முகர்கிற ஒருவரைத்தான் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன்.

அவரை எல்லோரும் மாமா என்றே கூப்பிட்டார்கள். என் பழைய டைரிகளிலும் மாமா என்றுதான் இருக்கிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போன புதிதில், தேர் ஓடும் வீதிக்குப் பின்னால் அவர் வீட்டு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்தேன். அவர் ஒரு மடத்தின் மடைப்பள்ளியில் சமையல்காரர். முகூர்த்த நாட்களில் வெளியே கல்யாணச் சமையலும் எடுத்துச் செய்வார். சாமிக்குப் படைக்கும்வரை மடைப்பள்ளியில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பு சரியா, புளி அடங்கியதா, எல்லாமே வாசனையில் தெரிய வேண்டும். அந்த வழக்கத்தை அவர் மடைப்பள்ளியோடு நிறுத்தவில்லை. கல்யாணச் சமையலிலும் கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்க்கிற ஆளை அன்றே அனுப்பிவிடுவார். வீட்டில் பால், பருப்பு, மழை நாளில் துவைத்த துண்டு, எல்லாம் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போகும்.

மனிதர்களும் அப்படித்தான். நான் வேலை முடிந்து மாடிப்படி ஏறப்போகும்போது அவர் கீழ்ப்படியில் நிற்பார்.

"ஊது."

மீசை வைத்த, சம்பளம் வாங்குகிற ஆள் நான். ஊதுவேன்.

"டீக்கடை வடை. எண்ணெய் பழசு. போ."

ஒருமுறை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது என் சட்டையை முகர்ந்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரன் பீடி குடித்தானா என்று கேட்டார். குடித்திருந்தான். எதிர்வீட்டு அடுப்பில் காஸ் கசிந்ததை வீதியைத் தாண்டிக் கண்டுபிடித்து, கையில் கரண்டியோடு ஓடிப்போய் சிலிண்டரை மூடினார். தெரு அதைப் பல நாள் பேசியது. தபால்காரருக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று சொல்லி, வராமலே போனதும் உண்டு. அதை யாரும் பேசவில்லை. சரியாகச் சொன்னது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. அவரும் எதையும் இரண்டாம் தடவை முகர்ந்து பார்த்ததில்லை. ஒரு தடவை, இடது கண் மூடும், தீர்ப்பு வரும், அவ்வளவுதான்.

எனக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்தபோது, முட்டிவலியோடு படியேறி வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான். என் தலையணையை முகர்ந்து, மூஞ்சியைச் சுளித்து, உறையைக் கழற்றி எடுத்துப்போய்த் துவைத்துக் காயப்போட்டார். பிறகு ஒரு நாள் உள்ளே வரும்போதே, வாடை மாறிவிட்டது, பிழைத்துக்கொள்வாய் என்றார். டாக்டர் சொன்னபோது வராத தைரியம் எனக்கு அப்போதுதான் வந்தது.

பாரில் மூன்றாவது டம்ளர் முடிந்திருந்தது. முதலாவது கோதுமை, வாழைப்பழ வாசனை. இரண்டாவது ஏதோ பூ. மூன்றாவது கறுப்பு, காபிக்கொட்டை தீய்ந்தால் வருகிற மணம். நாலாவதில் நீராகாரம் மாதிரி ஒரு புளிப்பு வந்ததால் எடுக்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். பூட்ஸ் போட்ட பெண் எங்களிடம் வந்து நின்றாள்.

"மாடி அண்ணன்தானே நீங்க?"

சிவகாமி. மாமாவின் ஒரே மகள். நான் கடைசியாகப் பார்த்தபோது இருபத்தோரு வயது. அவள் சிரித்துக்கொண்டே, "அப்பா அங்க இருக்காங்க பாருங்க" என்று மூலையைக் காட்டினாள்.

ஏசிக்குக் கீழே ஒரு சோபா. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, காதை மூடிச் சுற்றிய துண்டு, மடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். சுவரில் எரிந்த இங்கிலீஷ் எழுத்து விளக்கின் ரோஸ் வெளிச்சம் விபூதிமேல் விழுந்திருந்தது. நான் எழுந்து நின்றேன். நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. கால் தானாக நின்றது.

"என்ன மச்சான், போலீஸா?" என்றான் மச்சான்.

அருகில் போனேன். மாமாவுக்கு எழுபத்தாறு வயது. கன்னம் ஒட்டியிருந்தது. மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"கிட்ட வா. ஊது."

ஊதினேன்.

"கோதுமை. அப்புறம் அந்தக் கறுப்பு. மஞ்சக்காமாலை வந்த ஒடம்பு, ஜாஸ்தி வேணாம். உக்காரு."

உட்கார்ந்தேன். நீங்கள் இங்கே எப்படி என்று கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். அவரே சொன்னார். மகள் பெங்களூரில் வேலை செய்துவிட்டுப் புதுச்சேரிக்கு வந்தாள். வந்த முதல் வாரமே அவள் துணியில் பீருக்காக ஊறவைத்த தானியத்தின் வாசனையை அவர் பிடித்துவிட்டார். இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், என்னதான் செய்கிறாய், கொண்டுவா பார்க்கலாம் என்றார். அதிலிருந்து ஒவ்வொரு புது வகையும் முதலில் அவர் மூக்குக்கு வருகிறது.

"மோந்துதான் பார்க்கறேன். ஒரு சொட்டு வாயில வச்சதில்ல. மடைப்பள்ளில இருந்த மாதிரிதான்."

"பாதிக்குப் பாதி தப்பாத்தான் சொல்லுவாங்க. இங்க யாருக்கு அதைச் சொல்லத் தைரியம் இருக்கு?" என்றாள் சிவகாமி. மாமா காதில் விழாததுபோல பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏன் நம்ப முடியவில்லை என்றால், இதே மனிதர் இதே மகளின் நிச்சயதார்த்தத்தை பீர் வாசனையைச் சொல்லி நிறுத்தியவர்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடை அது. மாப்பிள்ளை வீட்டார் பண்ருட்டிப் பக்கம், பலாத்தோப்பு வைத்திருந்தவர்கள். வேனின் பின்பக்கம் பழங்களை அடுக்கி, கதவுகளைச் சாத்திக்கொண்டு, அந்த வெயிலில் சிதம்பரம் வந்து சேர்ந்தார்கள். சின்ன மண்டபம். பின்னால் மாமாவே சமைத்த சாப்பாடு தயாராக இருந்தது. நான் பன்னீர் செம்போடு வாசலருகே நின்றேன். மாமா சந்தனக் கிண்ணத்தோடு மாப்பிள்ளையின் நெற்றிக்குக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். இடது கண் மூடியது. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பையன் பீர் குடிச்சிருக்கான்."

சத்தமாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பதுபோலத்தான் சொன்னார்.

"இல்லீங்க மாமா" என்றான் பையன்.

அவன் அம்மா எழுந்து வந்து, வண்டியில் வரும்போது பசிக்கிறது என்று பலாப்பழம் தின்றான், வேறு எதுவும் இல்லை என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மாமா பலாப்பழ வாசனை அறியாதவரா என்று ஒருவர் கேட்டார். அறிந்தவர்தான். ஆனால் கனிந்து நாள் கடந்த பழத்தை அவர் ஒருநாளும் வாசலைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. பையன் யாரையும் திட்டவில்லை. சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அவர்கள் கொண்டுவந்த வரிசைத் தட்டுகள் வேனுக்குத் திரும்பிப் போயின. சாப்பாடு மடத்துக்குப் போயிற்று. நாங்கள் எல்லோரும், நல்ல வேளை, மாமாவின் மூக்கு காப்பாற்றியது என்றே பேசிக்கொண்டு கலைந்தோம். அடுத்த மாதம் எனக்குக் கடலூருக்கு மாற்றலாகிவிட்டது.

சிவகாமி என்னைத் தொட்டிகள் இருந்த பக்கம் கூட்டிப்போனாள். நாலாவது டம்ளர் முடிந்ததும் ஐந்தாவதை ஊற்றிக் கொடுப்பார்கள் என்று சொன்னாள். ஒரு சின்னக் குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்து என்னிடம் நீட்டினாள். முகர்ந்தேன். பழம் முதலில் வரவில்லை. புளித்த காட்டமான ஒரு ஆவி வந்தது, அதன் அடியில் எங்கேயோ பலாச்சுளை.

"அப்பா இதை மட்டும் இன்னும் மோந்து பார்க்கலை. நான் காட்டலை. இப்ப காட்டப்போறேன்."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் சொன்னாள். அன்று மண்டபத்தின் உள்ளறையில் அவள் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளையின் தங்கை அதே வேனில் வந்து, சூட்டில் புளிக்கத் தொடங்கியிருந்த பழத்தைச் சுளையெடுத்துக் கொடுத்தாள். சிவகாமியும் தின்றாள். வெளியே அப்பா சொன்னது கேட்டதும், கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்த்தாள்.

"என் வாயிலயும் பீர் வாசனைதான் வந்துச்சு அண்ணா. அந்த நிமிஷமே தெரியும். எழுந்து போய் அப்பா மூஞ்சில ஊதியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"ஏன் போகலை?"

"போயிருந்தா கல்யாணம் நடந்திருக்கும். எனக்கு மேல படிக்கணும். மூணு தடவை கேட்டேன், அப்பா காதுலயே போட்டுக்கலை. அன்னிக்கு கதவு தானா தொறந்துச்சு. பேசாம இருந்துட்டேன்."

தொட்டியின் எவர்சில்வரில் கையை ஊன்றிக்கொண்டேன். சில்லென்று இருந்தது. இத்தனை வருஷம் நான் அந்தக் கதையை எத்தனை பேரிடம், எத்தனை ரசித்துச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் இந்த பீருக்குப் பழம் வாங்க அவள் பண்ருட்டி போயிருக்கிறாள். டீக்கடையில் நல்ல தோப்பாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "பீர் மாப்பிள்ளை தோப்புக்குப் போங்க" என்று கை காட்டியிருக்கிறார்கள். போய் நின்றால் மாப்பிள்ளையின் அதே அம்மா. அந்த அம்மாவுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. உட்காரவைத்து மோர் கொடுத்து, பழமும் பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று கேட்டபோது முழுக்கதையும் சொன்னாளாம். அதற்குப் பிறகு பெண் கேட்டுப்போன இடத்திலெல்லாம் சிதம்பரத்தில் விசாரித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. இன்றுவரை அவன் எந்தக் குடியையும் தொட்டதில்லை.

"மாமாவுக்கு எழுபத்தாறு வயசு, சிவகாமி. இனிமே எதுக்கு?" என்றேன்.

"அந்த மாப்பிள்ளைக்கு இப்ப அம்பது வயசு அண்ணா" என்றாள்.

அவள் டம்ளரோடு சோபாவுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். போகாமலிருக்க முடியவில்லை.

மாமா வாங்கினார். இடது கண் மூடியது. தலை வலது பக்கம் சாய்ந்தது. டம்ளரை மூக்கிலிருந்து விலக்கினார். தீர்ப்பு வரவில்லை. மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார். அவர் இரண்டாம் முறை முகர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல். பிறகு மூன்றாம் முறை. இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

"இது என்ன?"

"நீங்களே சொல்லுங்கப்பா."

"பலாப்பழம். பண்ருட்டிப் பழம். நாள் கடந்தது." நிறுத்தினார். விளக்கின் ரோஸ் வெளிச்சத்திலும் அவர் முகம் வெளுத்தது தெரிந்தது. "அந்தப் பையன்."

சிவகாமி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளறை, சுளை, குவித்த கை, டீக்கடைக்காரர் சொன்ன பேர். எதையும் குறைக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் மேசையில் ஐந்தாவதை ஊற்றிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். எது பிடித்தது என்று கை தூக்கச் சொன்னார்கள் போலிருக்கிறது, ஐந்தாவதற்குத்தான் எல்லாக் கையும் எழுந்தது. கை தட்டினார்கள். மச்சான் எழுந்து நின்று தட்டினான்.

"தெரிஞ்சுதான் உள்ளாற உக்காந்திருந்தியா?" என்றார் மாமா.

"ஆமாம்பா."

அவர் மகளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு, மடைப்பள்ளியில் நாற்பது வருஷம் ஒரு பருக்கையை நாக்கில் வைக்காத மனிதர், எங்கள் இருவருக்கும் முன்னால் டம்ளரை வாயில் வைத்துச் சாய்த்துக் குடித்தார். ஒரே மூச்சில். நான் என்னை அறியாமல் கையை நீட்டினேன், தடுக்க. அவர் காலி டம்ளரை அந்தக் கையிலேயே கொடுத்தார்.

"கசக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வாசனைல கசப்பு தெரியவே இல்ல" என்றார்.

அப்புறம் என்னிடம் கேட்டார். என் வீடு கடலூரில்தானே, ராத்திரி அங்கே தங்கலாமா, காலையில் பண்ருட்டி போகக் கார் கிடைக்குமா. கிடைக்கும் என்றேன். சிவகாமி, நானும் வருகிறேன் என்றாள்.

"நீ சொல்ல வேண்டியத நீ தனியாப் போய்ச் சொல்லு. நான் சொன்னதுக்கு நான் போறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தப் பழம் மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு இருக்குப்பா. ஆனா ரொம்பக் கனிஞ்சுபோச்சு."

"அதான் வேணும்."

காரில் கடலூர் வரும்வரை பழம் அவர் மடியில் சாக்கில் இருந்தது. மச்சான் அந்த வாடைக்கு ஜன்னலை இறக்கப் போனான். நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன்.

ஜூன் 16, ஞாயிறு. மோட்டார் போடவில்லை. நான் எழுந்து வெளியே வந்தபோது மாமா குளித்து, விபூதி பூசி, குழாயடிக் கல்லில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மனைவியின் அரிவாள்மணையும் எண்ணெய்க் கிண்ணமும். பழம் பிளந்து கிடந்தது. கறுத்துத் தளர்ந்த சுளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகராமல், வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"கிட்ட வா. மோந்து பாரு."

வாயைத் திறந்து என் முகத்தில் ஊதினார்.

"என்ன வாசனை?"

"பீர் குடிச்ச மாதிரி இருக்கு மாமா."

"இன்னொரு தடவை மோந்து சொல்லு."

இன்னொரு தடவை முகர்ந்தேன். அதேதான் என்றேன்.

கையை மட்டும் கழுவினார். வாய் கொப்பளிக்கவில்லை. என் மனைவி கொண்டுவந்த காபியை வேண்டாமென்று தலையசைத்தார். வாசனை போய்விடக் கூடாதென்று உதடுகளை இறுக மூடிக்கொண்டு, பண்ருட்டி போக வந்திருந்த காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.